தண்ணீருக்கு மைனஸ் நான்கு

பொருள் பொய் சொல்லாது என்று முழுமனதாக நம்பும் ஒருவன், தன்னைச் சுற்றியிருக்கும் மனிதர்களைப் பற்றி உள்ளுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருப்பான்? இளவரசுவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுந்த கேள்வி இதுதான். அவனிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் செல்போனை எடுத்து ஏதாவது ஓர் எண்ணைக் காட்டியிருப்பான்.

கடலூர் முதுநகரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பிறந்தது எங்கள் ஊரில். சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகும் சாலையில், பஸ் நிற்பதும் நிற்காததும் டிரைவரின் மனநிலையைப் பொறுத்த ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க வருவான். வரும்போது எதையாவது செய்து எடுத்துக்கொண்டு வருவான். அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கும்.

ஒருமுறை, வயல் மோட்டாரை வீட்டிலிருந்தபடியே ஓடவைக்கும் பெட்டி ஒன்றைச் செய்துவந்தான். ஐப்பசி அடைமழையில், முழங்கால் தண்ணீர் நின்ற வயலுக்கு அந்த மோட்டார் தானாகவே ஓடி மேலும் தண்ணீர் இறைத்தது. இன்னொருமுறை ஆட்டுக்கொட்டகைக்குத் திருடன் மணி. அது ஆடுகளைப் பார்த்தே அலறியது. ஆடுகள் தூக்கம் கெட்டு இளைத்ததுதான் மிச்சம். இரண்டு முறையும் அவன் வெட்கப்படவில்லை. பெட்டியை வெயில்படும் இடத்தில் மாட்டிவிட்டார்கள், மணியைத் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள் என்றான். தவறு எப்போதும் பொருளுக்கு வெளியே இருந்தது.

அவன் அப்பா கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்தவர். கடவுள் இல்லை என்று கண்டுபிடித்ததோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். அவர் காலி செய்துவைத்த இடத்தில் மகன் கருவியைக் கொண்டுவந்து வைத்தான். கும்பிடுகிற வேகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

எங்கள் ஊரில் பால் டெப்போ நடத்துகிறவர் அம்பலம். சிதம்பரம் கீழவீதிப் பக்கத்துக்காரர். பல வருடங்களுக்கு முன்பே மனைவி சிவகாமுவோடு இங்கே வந்து, டெப்போவுக்குப் பின்னாலேயே குடியிருக்கிறார். ஊரில் கறக்கிற பால் அவரிடம் சேர்ந்து சிதம்பரத்துக் காப்பிக் கடைகளுக்குப் போகும். முதல் கேன் மட்டும் கடைக்குப் போகாது. அங்கே ஒரு சிறிய பிள்ளையார் கோயில் அபிஷேகத்துக்குப் போகும். அதனால் சிவகாமு ஒரு சட்டம் வைத்திருந்தார்: பால் பட்ட எந்தப் பாத்திரமும் கொதிக்கிற வெந்நீரைப் பார்க்காமல் மறுவேளை பாலைத் தொடக்கூடாது. கேன், புனல், அளவுக் குவளை, எல்லாவற்றுக்கும் இரண்டு வேளையும் வெந்நீர்க் குளியல் நடந்தது. மனிதர்களுக்கும் இந்தச் சட்டம் இருந்திருந்தால் ஊர் கொஞ்சம் சுத்தமாகியிருக்கும்.

பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அம்பலம் கண்ணாடி லாக்டோமீட்டர் ஒன்றை வைத்திருந்தார். பாலில் மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். இருபத்தெட்டா இருபத்தாறா என்று தினமும் சண்டை. வேண்டியவர்களுக்கு ஒரு கோடு, வேண்டாதவர்களுக்கு ஒரு கோடு என்று பேச்சு வந்தது. அப்படி ஒரு சண்டையில்தான் அது கீழே விழுந்து உடைந்தது. தள்ளிவிட்டது யார் என்பதில் அடுத்த சண்டை நடந்தது.

இளவரசுவுக்கு இது போதாதா?

"அண்ண, இனிமே நீங்க குனியவே வேணாம். நான் ஒண்ணு செஞ்சி எடுத்தாரேன். அதுக்குக் கண்ணும் கெடையாது, சொந்தக்காரனும் கெடையாது" என்றான் அம்பலத்திடம்.

அடுத்த மாதம் எடுத்துவந்தான். ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும், சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய். திருகு மூடி. உள்ளே ஒரு பேட்டரி, சாய்வை உணரும் சின்னச் சில்லு, செல்போனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு போர்டு. எல்லாவற்றையும் பசைத் துப்பாக்கியால் உருக்கி ஊற்றி ஒட்டியிருந்தான். பாலில் போட்டால் குழாய் சாய்ந்து மிதக்கும். பால் கெட்டியாக இருந்தால் அதிகம் சாயும். நீர்த்திருந்தால் நிமிரும். அந்தச் சாய்வை எண்ணாக மாற்றி அம்பலத்தின் செல்போனில் காட்டும். இருபத்தாறும் அதற்கு மேலும் பச்சை. கீழே போனால் சிவப்பு. வெறும் தண்ணீருக்குப் பூஜ்யம்.

ஆகவே அந்தக் கருவியின் மொத்த நேர்மையும் உள்ளே இருக்கும் எடை நகராமல் இருப்பதில் இருந்தது. பேட்டரி ஒரு நூல் இடம் மாறினால் சாய்வு மாறும். சாய்வு மாறினால் எண் மாறும். இதை என்னிடம் விளக்கியவனும் இளவரசுதான். வெந்நீரைத் தாங்கும் குழாயைக் கடலூரெல்லாம் தேடி, கிடைக்காமல் பாண்டிச்சேரி வரை போய் வாங்கியவன், உள்ளே ஊற்றிய பசை வெந்நீரைத் தாங்குமா என்று யோசிக்கவில்லை. வெளித்தோற்றத்துக்கு ஒரு நியாயம், உள்ளே இருப்பதற்கு ஒரு நியாயம். கருவி செய்கிறவர்களிடம் மட்டும் இருக்கும் குணம் என்று இதைச் சொல்ல முடியாது.

முதல் சில வாரங்கள் டெப்போவில் சண்டையே இல்லை. ஊற்றினார்கள், பச்சை வந்தது, போனார்கள். எண்ணை யாரும் பார்க்கவில்லை. பச்சையில் இருக்கிறவன் எதற்கு எண்ணைப் பார்க்கப்போகிறான்? கோவிந்தசாமியின் எருமைப்பால் முப்பத்திரண்டிலிருந்து முப்பதாகி, இருபத்தெட்டாகி இறங்கியதை அம்பலமும் கவனிக்கவில்லை, கோவிந்தசாமியும் கவனிக்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் எருமை உண்டு. பால் கெட்டி. இறங்கினாலும் பச்சைக்குள்ளேயே நின்றது.

புஷ்பவள்ளியிடம் எருமை இல்லை. ஒரே ஒரு கலப்பினப் பசு. கணவர் போன பிறகு அந்தப் பசுவும் அவரும்தான். அதன் பால் என்றைக்குமே இருபத்தெட்டுக்கு மேல் போனதில்லை. ஆடி பிறந்த வாரத்தில் ஒரு காலை, அவர் ஊற்றிய பாலுக்கு இருபத்து நான்கு காட்டிச் சிவப்பு எரிந்தது.

"இந்தாம்மா, இன்னா இது?" என்றார் அம்பலம்.

"இன்னா இன்னா இது? பாலு."

"பாலுன்னு நீ சொல்ற. மெஷினு தண்ணின்னு சொல்லுது."

மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும். முதல் கேன் சாமிக்குப் போகிறது என்பது அம்பலத்துக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. சாமிக்குப் போகும் பாலில் தண்ணீர் ஊற்றியவள் என்ற பேர் புஷ்பவள்ளிக்கு மதியத்துக்குள் கிடைத்துவிட்டது. எந்தத் தெருவிலும் ஒருவர்கூட, அவர் வீட்டு மாட்டைப் போய்க் கறந்து பார்ப்போம் என்று சொல்லவில்லை. ஒரு சிவப்புப் புள்ளி பாலின் அடர்த்தி குறைவு என்றுதான் சொல்கிறது. குறைத்தது மாடா, தீவனமா, ஆளா, அளக்கிற பொருளா என்று அதற்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்திருந்தது.

அம்பலம் அவர் பாலை எடுப்பதை நிறுத்தினார். வீட்டுக்கு வீடு கொண்டுபோனால் வேண்டாம் என்றார்கள். குழந்தைக்குப் பால் வாங்கிக்கொண்டிருந்த வீடுகூட, "ஊர்லேந்து கொழுந்தியா வந்திருக்கா, அவளே எடுத்தாரா" என்று ஏதோ சொன்னது. அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. இரண்டு வேளையும் தூக்குவாளியோடு டெப்போ வரிசையில் வந்து நின்றார். முறை வரும்போது அம்பலம் அவரைத் தாண்டி அடுத்தவரைக் கூப்பிடுவார். அவர் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். அந்த ஆடி மாதம் முழுக்க இது நடந்தது. வரிசையில் நின்ற ஒருவருக்கும் அது கூச்சமாக இருக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இளவரசு டெப்போவுக்கு வந்தான். தன் கருவி ஒரு குற்றவாளியைப் பிடித்த செய்தி கடலூர் வரைக்கும் எட்டியிருந்தது. முகத்தில் அடக்கம் காட்டினான். அடக்கம் காட்டுவது அவனுக்கு எப்போதுமே சரியாக வராது.

"அக்கா, மெஷினுக்கு உங்க மேல கோவமா? அதுக்கு உங்கள யாருன்னே தெரியாது" என்றான் புஷ்பவள்ளியிடம்.

"எனக்கும் அத்தத் தெரியாது தம்பி. நீதான் கூட்டியாந்த."

"பால் நல்லாருந்தா எண்ணு நல்லாருக்கும். அவ்ளோதான் விஷயம்."

கோவிந்தசாமி இளவரசுவின் தாய்மாமன். பால் ஊற்றிய பிறகும் வேடிக்கை பார்க்க நிற்கிற ஆள். மற்றவர்கள் சிரித்தால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்கும். புஷ்பவள்ளியை வம்புக்கு இழுக்கும் சந்தர்ப்பம் இது என்று நினைத்தார். பாலில் மிதந்த குழாயை எடுத்து, கை கழுவ வைத்திருந்த தண்ணீர்க் குவளையில் போட்டார்.

"இரு மாப்ள. இவ ஊத்துற தண்ணி எந்தக் குழாத் தண்ணின்னு பாத்துடுவம். மெஷினு சொல்லும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்பலமும் சிரித்துக்கொண்டே செல்போனைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"தம்பி, மைனஸ் நாலுன்னு வருதே. மைனஸ்னா இன்னா?"

கோவிந்தசாமிதான் ஆரம்பித்தார். அவருக்குச் சிரிப்பு யார் பக்கம் போனாலும் ஒன்றுதான்.

"யோவ், தண்ணியிலயே தண்ணி கலந்துருக்காங்கய்யா! மாப்ள, பஞ்சாயத்துக்காரன் மேல கேஸ் போடு!"

சிரிப்பு திரும்பவும் எழுந்தது, இந்த முறை வேறு ஆளை நோக்கி. ஊர் சிரிப்பதற்கு ஆள்தான் வேண்டும். யார் என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஒரு கேலியை இன்னொருத்தி மேல் எறியப்போய்த்தான் உண்மை வெளியே வந்தது. நல்ல எண்ணத்தோடு யாராவது அந்தக் குழாயைத் தண்ணீரில் போட்டிருந்தால் எனக்கு இந்த ஊரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுத முடிந்திருக்கும்.

இளவரசு குழாயைத் துடைத்தான். திரும்பவும் தண்ணீரில் போட்டான். மைனஸ் நான்கு. வேறு தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். மைனஸ் நான்கு. மூடியைத் திருகி, உள்ளே இருந்ததை மெதுவாக வெளியே இழுத்தான். ஒட்டியிருந்த பசை நூல் நூலாக வந்தது. பேட்டரி அவன் வைத்த இடத்தில் இல்லை. அடிவரைக்கும் இறங்கி, மேலும் இறங்க இடமில்லாமல் முட்டி நின்றிருந்தது. இறங்கிய வழியெல்லாம் நத்தை ஊர்ந்த தடம் போலப் பசை பளபளத்தது.

"இத யாரு கீழ போட்டது?" என்றான்.

உள்ளேயிருந்து சிவகாமு வந்தார். "கீழ போடறதா? நல்லாச் சொன்ன. பெத்த புள்ள கணக்கா ரெண்டு வேளையும் வெந்நீர்ல நிக்க வச்சிக் குளிப்பாட்டுறன். சாமி பால்ல முழுகறது ஆச்சே."

கொதிக்கிற வெந்நீரில், நிற்கவைத்து. பசை இளகி, ஒவ்வொரு வேளையும் பேட்டரி தன் எடையால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, குழாயின் அடி கனத்து, பாலில் அது நிமிர்ந்து நின்றிருக்கிறது. நீர்த்த பாலில் நிற்பது போல. சிவகாமுவின் பக்தி ஒரு பக்கம், இளவரசுவின் பக்தி ஒரு பக்கம். நடுவில் புஷ்பவள்ளி வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

அவன் தலை நிமிராமல், "பேட்டரி எறங்கிடுச்சி" என்றான்.

நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது.

அம்பலம் தொண்டையைச் செருமினார். "மெஷினு தப்பும்மா. நாளைலேந்து வந்து ஊத்து."

"மாடு இத்தினி நாளும் கறந்துனுதான் இருந்துச்சி. நீதான் நிறுத்துன" என்றார் புஷ்பவள்ளி. "நாளைக்கு இன்னா? இன்னிக்கே ஊத்தறன். பிடி."

வாளியை நீட்டினார். அம்பலம் வாங்கிக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் அந்த இடத்தில் யார் வாயிலும் வரவில்லை. கோவிந்தசாமி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மைனஸ் நாலு, மைனஸ் நாலு என்று சொல்லிக்கொண்டே போனார்.

இளவரசு கருவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இத்தோடு தொலைந்தது என்று நினைத்தேன். அவரவர் ஊற்றுகிற பாலை அம்பலம் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு வைத்து, வழிகிறதா நிற்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொண்டார். அதற்கும் சண்டை வந்தது.

கார்த்திகையில் இரண்டாவது குழாயோடு வந்தான். இந்த முறை அவன் கடையில் அது உருவாவதை நான் இடையிடையே பார்த்திருந்தேன். ஒரு வேலையாகக் கடலூர் போகும்போதெல்லாம் அங்கே கொஞ்ச நேரம் உட்காருவேன். உருக்கி ஊற்றும் பசை ஒரு சொட்டுகூட இல்லை. குழாயின் உள்நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை வெட்டி, போர்டை அதில் சின்னத் திருகாணிகளால் பிணைத்திருந்தான். பேட்டரிக்கு இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து, ஒயர் கட்டுகிற கேபிள் டையால் இறுக்கி, இரண்டு பசையைக் கலந்தால் கல்லாகும் வகைப் பசையை விளிம்பில் பூசியிருந்தான். ஆடுகிற ஒயர்களைக்கூடப் பட்டையோடு சேர்த்து ஒட்டிவிட்டான். பட்டை குழாயின் அடியில் ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். சார்ஜ் போட வெளியே எடுத்தாலும், திரும்ப வைக்கும்போது வேறு பக்கம் திரும்ப வழியில்லை. மூடி எவ்வளவு திருக வேண்டும் என்பதற்குக் குழாயிலும் மூடியிலும் ஒரு கோடு கீறியிருந்தான். இரண்டு கோடும் சந்திக்க வேண்டும்.

பிறகு அதைக் கொதிக்கிற தண்ணீரில் நிற்கவைத்தான். ஆறவைத்துத் தண்ணீரில் போட்டான். பூஜ்யம். திரும்பவும் கொதிக்கவைத்தான். தரையில் போட்டான். உப்புக் கரைசலில் போட்டுப் பார்த்தான். இப்படியே வாரக்கணக்கில். வாடிக்கையாளர்கள் தங்கள் செல்போன் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் கையைக் காட்டி நிறுத்தினான். அந்த வேலை நன்றாக இருந்தது. அவனைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை இது ஒன்றுதான். இரண்டாவது முறை சொல்லப்போவதில்லை.

டெப்போவில் எல்லோர் முன்னாலும் முதலில் தண்ணீரில் போட்டுக் காட்டினான். பூஜ்யம். பிறகு சிவகாமுவின் வெந்நீர். பிறகு திரும்பவும் தண்ணீர். பூஜ்யம். புஷ்பவள்ளியின் பாலைத்தான் முதலில் அளக்கச் சொன்னான். இருபத்தெட்டு. பச்சை. அவர் செல்போனை எட்டிப் பார்க்கவில்லை. "முடிஞ்சிதா?" என்று கேட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்ததும் முதல் வேலையாகக் கருவியைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பான். மார்கழியிலும் பூஜ்யம், மாசியிலும் பூஜ்யம். கோவிந்தசாமியின் கேலிகூட அலுத்துப்போய் நின்றுவிட்டது. ஊருக்கு அந்தக் குழாய் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. முன்பு வந்த அதே வேகத்தில், அதே அளவு யோசனையோடு.

சித்திரையில் ஒரு ஞாயிறு காலை. வரிசையில் நடுவில் புஷ்பவள்ளி. இளவரசு அம்பலத்தின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். புஷ்பவள்ளியின் முறை வந்ததும் அவர் பாலில் குழாயைப் போட்டார் அம்பலம். செல்போன் இளவரசுவின் கையில் இருந்தது. நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இருபத்தொன்று. சிவப்பு.

அவன் அசையவில்லை. எண் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தொன்று அப்படியே நின்றது.

"இன்னா தம்பி, இன்னா வருது?" என்றார் அம்பலம்.

புஷ்பவள்ளி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு லாரி போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் ஒருமுறை கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் ஏறியிருந்தது. அதனாலும் இருக்கலாம்.

இளவரசு எழுந்தான். பாலிலிருந்து குழாயை எடுத்தான். மூடியில் கோடும் குழாயில் கோடும் சந்தித்திருக்கின்றனவா என்று பார்த்தான். சந்தித்திருந்தன. காதருகே வைத்து ஆட்டினான். சத்தமில்லை. தண்ணீர்க் குவளையில் போட்டான். செல்போனைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவனையும் என்னையும் தவிர அதை யாரும் பார்த்திருக்க முடியாது.

பூஜ்யம்.

"இன்னா மாப்ள, மறுபடியும் மைனஸா?" என்றார் கோவிந்தசாமி. வரிசையில் நாலைந்து பேர் சிரிக்கத் தயாரானார்கள்.

"ஆமா மாமா" என்றான் இளவரசு. "உள்ள ஏதோ கழண்டுடுச்சி."

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். ஆட்டுக்கொட்டகை மணியையும், மழையில் ஓடிய மோட்டாரையும் ஒருவர் எடுத்துக்கொடுக்க இன்னொருவர் தொடர்ந்தார். அவன் குழாயைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தான். புஷ்பவள்ளியின் தூக்குவாளியை எடுத்து, அம்பலம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், கேனில் ஊற்றினான். கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்துப் பிடித்தான். காலி வாளியை அவரிடம் நீட்டினான். அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

"அப்ப இனிமே எதால அளக்கறது?" என்றார் அம்பலம்.

"அளக்க வேணாம்" என்றான்.

அந்தக் குழாயை அவன் டெப்போவுக்குத் திரும்பக் கொண்டுவரவில்லை. அம்பலம் இரண்டு மூன்று முறை கேட்டார். கோவிந்தசாமி ஊர் முழுக்கக் கதை கட்டினார். அவரை அவன் தடுக்கவில்லை. முதுநகர் கடையில் ஒருநாள் நானே கேட்டேன். எதிரில் ஒரு செல்போனைப் பிரித்து வைத்திருந்தான். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் காந்தத் தட்டில் வைத்தபடி, "காப்பி சொல்லட்டா?" என்றான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். அம்மா வீட்டுக் காப்பிக்கு, அம்பலத்திடம் வாங்காமல், புஷ்பவள்ளியிடம் நேராகப் போய்ப் பால் வாங்குகிறான்.